ஆபத்து இல்லாத விண்வெளி ஏன் போரடிக்கிறது?

(எங்கள் ஒலி நிகழ்ச்சியின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம்.)



இன்னைக்கு என்னோட தோல்விக் கதை ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம். ‘எலைட் டேஞ்சரஸ்’னு ஒரு விண்வெளி விளையாட்டு. அதுல ஒரு நீண்ட பயணம் கிளம்பினேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒரு மணி நேரம். இப்படியே ஆறு வாரம். யாருமே போகாத நட்சத்திரங்களாத் தேடித் தேடிப் போய், ஒவ்வொரு கோளையும் ஸ்கேன் பண்ணி, அந்த டேட்டாவை எல்லாம் கப்பல்லயே வச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தேன். வழியில வளையத்தோட ஒரு கோள். அழகா இருந்துச்சு. இறங்கி ஒரு போட்டோ எடுத்துட்டுப் போவோமேன்னு நினைச்சேன்.

அந்தக் கோளோட ஈர்ப்பு விசை எவ்வளவுன்னு வரைபடத்துல தெளிவாப் போட்டிருந்தது. நான்தான் பார்க்கல. கீழே இறங்க ஆரம்பிச்சதும் கப்பல் கல்லு மாதிரி விழுந்துச்சு. மேலே தூக்கப் பார்த்தேன், முடியல. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆறு வார உழைப்பு போச்சு.

பக்கத்துல உட்கார்ந்திருந்த தம்பி, “விளையாட்டுதானே அண்ணா, மறுபடியும் போனாப் போச்சு”ன்னான். அவன் சொன்னது சரிதான். ஆனா அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. படுத்துக்கிட்டே ஒண்ணு யோசிச்சேன். வேற பல விண்வெளி விளையாட்டுகள்ல நூத்துக்கணக்கான கோள்களைப் பார்த்திருக்கேன். அதுல ஒண்ணுகூட இப்போ ஞாபகத்துல இல்ல. இந்தக் கோள் மட்டும் ஏன் மறக்கவே மாட்டேங்குது?

இன்றைய அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். விண்வெளி விளையாட்டுகளில் தேடல் பயணத்துக்குள் ஆபத்தை எப்படி வைக்கிறார்கள், எங்கே அது பலிக்கிறது, எங்கே வெறும் தொல்லையாக முடிகிறது என்று பார்ப்போம்.

சுற்றுலாவும் தேடலும்

முதலில் ஒரு வித்தியாசம். ஒரு புது ஊருக்குப் போய் நாலு இடம் பார்த்துவிட்டு வருவது சுற்றுலா. வழி தெரியாத காட்டுக்குள் போய்த் திரும்பி வருவது தேடல். இரண்டிலும் புதிய இடங்களைப் பார்க்கிறோம். ஆனால் இரண்டாவதில் திரும்பி வருவோமா என்ற கேள்வி கூடவே நடந்து வருகிறது.

சண்டை விளையாட்டில் ஆபத்தை உண்டாக்குவது எளிது. எதிரியை நிறுத்தினால் போதும். தேடல் விளையாட்டில் எதிரி கிடையாது. அங்கே இருப்பது வெறும் வெளி, அதுவும் மிகப் பெரிய வெளி. எலைட் டேஞ்சரஸ் 2014 டிசம்பரில் வெளிவந்தது. நம் பால்வழி மண்டலத்தையே அதில் முழு அளவில், ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகளோடு உருவாக்கியிருக்கிறார்கள். 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் உள்ள கோள்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமானால், 18 என்று எழுதிப் பக்கத்தில் 18 சுழியங்கள் போட வேண்டும்.

இவ்வளவு பெரிய இடத்தை ஆள் உட்கார்ந்து வடிவமைக்க முடியாது. கணக்கு விதிகள்தான் உருவாக்குகின்றன. அதனால் ஐம்பது கோள்களைப் பார்த்த பிறகு ஐம்பத்தொன்றாவது கோள் பழகின முகமாகத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்கு அலுப்பு வந்த பிறகும் பயணத்தில் ஆர்வம் இருக்க வேண்டுமானால் வேறு ஏதாவது பணயத்தில் இருக்க வேண்டும். ஆபத்துக்கு இங்கே வேலை வருவது அதனால்தான்.

எரிபொருள்: மிகப் பழைய பயம்

இந்த யோசனை இன்று நேற்று வந்ததில்லை. 1984இல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இருவர் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய முதல் ‘எலைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 தொகுதிகள்.

அந்தக் கப்பலின் டேங்க் நிரம்பியிருந்தால் 7 ஒளியாண்டு தூரம் தாவலாம். டேங்க் காலியானால் நிலையத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ‘ஃப்யூயல் ஸ்கூப்’ என்ற கருவியைப் பொருத்திக்கொண்டு சூரியனை உரசிக்கொண்டு போய் அள்ள வேண்டும். ரொம்பக் கிட்டே போனால் கப்பல் வெந்துவிடும். தள்ளியே நின்றால் ஒன்றும் கிடைக்காது. திரையில் வெப்பமானியின் கோடு ஏறிக்கொண்டே இருக்கும்.

நாற்பது வருஷம் கழிச்சும் இதே விஷயம்தான் நடக்குது பாருங்க. புது எலைட்டிலும் எரிபொருளை நட்சத்திரத்திலிருந்துதான் அள்ள வேண்டும். ஒரு விதி மட்டும் கூடியிருக்கிறது: எல்லா நட்சத்திரமும் எரிபொருள் தராது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் என்ற ஏழு வகைகள் தரும். பழுப்புக் குறுமீன்கள் தராது. ஆட்டக்காரர்கள் இதை ‘கேஜிபி ஃபோம்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். இவை வானியலில் உண்மையாகவே இருக்கும் நட்சத்திர வகைகள். உயிர் பிழைக்க வேண்டி நட்சத்திரங்களின் வகைப்பாட்டைக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் எத்தனை பேருக்கு அது நினைவில் நின்றிருக்கும்?

இந்த ஆபத்து அடுத்த தாவலைப் பற்றி யோசிக்க வைக்கிறது, அதுதான் இதன் நல்ல குணம். பழுப்புக் குறுமீன்கள் மண்டிய பகுதிக்குள் போகிறோம் என்றால், உள்ளே நுழையும்போதே வெளியே வரும் வழியையும் கணக்குப் போட வேண்டும். வரைபடத்தை வெறுமனே பார்ப்பவர் அங்கேதான் அதைப் படிக்க ஆரம்பிக்கிறார்.

எதை இழக்கிறோம் என்பதுதான் கேள்வி

அடுத்தது, ஆபத்தின் விலை. கப்பல் வெடித்தால் என்ன போகும்?

எலைட் டேஞ்சரஸில் கப்பல் போனால் அதன் விலையில் சுமார் 5 சதவீதம் கட்டி அதே கப்பலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காப்பீடு மாதிரி. ஆனால் விற்காமல் வைத்திருந்த ஆய்வு டேட்டா திரும்பி வராது. அதை ஒரு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பணம். அதோடு, அந்தக் கோளை முதலில் கண்டவர் என்று உங்கள் பெயரும் பதிவாகும். பிறகு யார் அங்கே போனாலும் அந்தப் பெயரைப் பார்ப்பார்கள்.

என்னோட கதையில நான் இழந்தது இதுதாங்க. பணம் பெரிய விஷயமில்ல. நான் பார்த்துட்டு வந்தேன்ங்கறதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த டேட்டா. அதுதான் போயிடுச்சு.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. பயணம் நீள நீளக் கையில் உள்ள சரக்கின் மதிப்பு கூடுகிறது. கிளம்பிய முதல் நாள் மோதினால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் மோதினால் எல்லாம் போகும். முதல் நாள் செய்த அதே சாதாரண தரையிறக்கம் ஐந்தாவது வாரத்தில் கையை நடுங்க வைக்கிறது. ஆபத்தைக் கூட்ட அவர்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. சரக்கின் மதிப்பு ஏறியதே போதுமானதாக இருக்கிறது.

இந்த விளையாட்டில் ‘பீகிள் பாயின்ட்’ என்று ஓர் இடம் இருக்கிறது. நம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 65,000 ஒளியாண்டு, பால்வழியின் மறுகரை. கப்பல் ஒரு தாவலில் 50 ஒளியாண்டு போகும் என்று வைத்தால் 1,300 தாவல்கள். தாவலுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போவதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. 2019 ஜனவரியில் ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2’ என்ற பெயரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து இந்தப் பயணத்தைத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் நடந்தது. தனியாகப் போய் வந்தவர்களும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தால் பெரிய பரிசு எதுவும் காத்திருக்காது. தூரம்தான் பரிசு. வழியில் எல்லாவற்றையும் இழக்க முடியும் என்பதால்தான் அந்தத் தூரத்துக்கு மதிப்பு.

ஆசை காட்டும் ஆபத்து

என் கணக்கில் இந்த விளையாட்டின் சிறந்த ஆபத்து நியூட்ரான் நட்சத்திரம்தான். அதன் இரண்டு துருவங்களிலிருந்தும் பீறிட்டுச் சுழலும் கதிர்த் தாரைகள் திரையில் வெள்ளை நீலமாகத் தெரியும். கப்பலை அந்தத் தாரைக்குள் செலுத்தினால் அடுத்த தாவலின் தூரம் நான்கு மடங்காகும். 50 ஒளியாண்டு போகிற கப்பல் 200 போகும். அதற்கு விலை உண்டு. தாரை கப்பலைப் பிடித்து ஆட்டும். ஒவ்வொரு முறையும் தாவல் எந்திரம் கொஞ்சம் தேயும். பிடி தவறி அதற்குள்ளேயே வேகமிழந்து நின்றுவிட்டால் கப்பலின் கருவிகள் ஒவ்வொன்றாகச் சிதைய ஆரம்பிக்கும்.

யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கவனிங்க. சுத்தி வளைச்சுப் பாதுகாப்பாப் போகலாம். நேரம்தான் ஆகும். ஆனா, “ஒரே ஒரு தடவை, சீக்கிரம் போயிடலாமே”ன்னு மனசு சொல்லும். வழியில் திடீரென்று குறுக்கே வந்து அடிக்கும் ஆபத்தைவிட, நாமே தெரிந்து போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்துதான் தேடலுக்குப் பொருந்தும். தோற்றால் விளையாட்டைத் திட்ட முடியாது. நம் பேராசையைத்தான் திட்ட வேண்டியிருக்கும்.

தொல்லை வேறு, ஆபத்து வேறு

இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்ப்போம். நோ மேன்ஸ் ஸ்கையில் பல கோள்களில் கடும் வெயில், கடும் குளிர், நச்சுக்காற்று, கதிர்வீச்சு என்று ஏதாவது ஒன்று இருக்கும். வெளியே நடந்தால் பாதுகாப்புக் கவசத்தின் அளவு குறைந்துகொண்டே வரும். கீழே முளைத்திருக்கும் செடியிலிருந்து சோடியம் பறித்து நிரப்பினால் சரியாகிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் பயமாக இருக்கும். பத்தாவது மணி நேரத்தில் அது சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுகிற மாதிரி. எந்த முடிவையும் அது மாற்றுவதில்லை. வெப்பக் கோளுக்குப் போவதா வேண்டாமா என்று நாம் யோசிப்பதே இல்லை. போவோம், கோடு குறையும், நிரப்புவோம். பெயர் மட்டும்தான் மாறுகிறது. குளிரும் நச்சும் செய்வது ஒரே வேலை.

அந்த விளையாட்டு மோசம்னு சொல்ல வரல. நானே மணிக்கணக்கா ஆடியிருக்கேன். பிற்பாடு வந்த புதுப்பிப்புகளில் கடினமான முறைகளையும் சேர்த்தார்கள். 2017இல் வந்த ஒரு முறையில் செத்தால் மொத்தச் சேமிப்பும் போய்விடும். அப்போது அதே வெயிலும் குளிரும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். ஆபத்துக்கு எடை வருவது விலையால்தான் என்பதற்கு இதுவே ஆதாரம்.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஓர் ஆபத்தை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டால் நீங்கள் போகும் பாதை மாறுமா? மாறும் என்றால் அது ஆபத்து. அதே பாதையில் இன்னும் வேகமாகப் போவீர்கள் என்றால் அது தொல்லை.

2012இல் வந்த ‘எஃப்டிஎல்’ இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறது. அங்கே ஓர் இடத்தில் சூரியப் புயல் கப்பலுக்குள் தீ மூட்டும். இன்னோரிடத்தில் அயனிப் புயல் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும். விண்கற்கள் ஷீல்டை அரிக்கும். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. தீ என்றால் கதவைத் திறந்து காற்றை வெளியேற்றலாம், ஆனால் உள்ளே ஆள் இருந்தால் அவருக்கும் மூச்சு போகும். பின்னாலேயே எதிரிக் கடற்படை துரத்திக்கொண்டு வருவதால் நின்று நிதானமாகவும் யோசிக்க முடியாது.

எச்சரிக்கையும் ஒரு கண்டுபிடிப்புதான்

2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்க, ஒரு ரகசியத்தை உடைக்கப் போறேன்.

அதில் ஒரு சின்னச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். நீங்கள் மறுபடி ஆரம்பத்தில் கண் விழிப்பீர்கள். பணம், கருவி, மேம்பாடு எதுவும் சேராது. தெரிந்துகொண்டது மட்டும் மிஞ்சும். கப்பலின் குறிப்பேட்டில் அது பதிவாகியிருக்கும். ஆக, சாவுக்கு விலை சில நிமிடங்கள்தான். அப்படியிருந்தும் பயமாக இருக்கிறது. எப்படி?

அங்கே ‘டார்க் பிராம்பிள்’ என்ற மூடுபனி உலகத்துக்குள் ராட்சதத் தூண்டில் மீன்கள் இருக்கின்றன. முதல் முறை போனால் விழுங்கிவிடும். இரண்டாம் முறையும் விழுங்கும். ஆனால் வேறொரு கோளின் குகையில், பழைய காலத்துக் குழந்தைகள் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றிய குறிப்பு கிடைக்கும். அதைப் படித்தால் அந்த மீன்களுக்குக் கண் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வருகின்றன என்று புரியும். அதன் பிறகு எந்திரத்தை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் பல்லுக்குப் பக்கத்திலேயே மிதந்து போகலாம்.

அந்த மீன்களை வெல்ல ஆயுதம் கிடையாது. அறிவுதான் உண்டு, அந்த அறிவும் இன்னோர் இடத்தைத் தேடிப் போனதால் கிடைத்தது. ஆபத்தே தேடலுக்குக் காரணமாகிவிடுகிறது. முன்னால் சொன்ன என் ஈர்ப்பு விசைக் கதையும் இதே ஜாதிதான். எச்சரிக்கை இருந்தது, நான் படிக்கவில்லை. எச்சரிக்கையே இல்லாமல் கொன்றிருந்தால் விளையாட்டின் மேல் கோபம் வந்திருக்கும். இருந்ததால் என் மேல் வந்தது. அடுத்த முறை படிக்கிறேன்.

மனிதர்களே ஆபத்தாக, மனிதர்களே துணையாக

‘ஈவ் ஆன்லைன்’ 2009இல் புழுத்துளைகளைச் சேர்த்தது. வழக்கமான இடங்களில் அந்தத் தொகுதிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் தெரியும். புழுத்துளைக்கு அந்தப் பக்கம் யாராவது வாய் திறந்து பேசினால் ஒழியத் தெரியாது. அந்தத் துளையும் நிலையானது அல்ல. நேரம் முடிந்தாலோ, தாங்கும் எடைக்கு மேல் கப்பல்கள் கடந்தாலோ மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வேறு வழியைத் தானே ஆய்வு செய்து கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பட்டியலை மறைத்ததிலேயே வெற்றிடம் முழுக்கப் பயம் நிரம்பிவிட்டது!

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். எலைட் டேஞ்சரஸில் எரிபொருள் தீர்ந்து நடுவெளியில் நின்றுவிட்டவர்களைக் காப்பாற்ற 2015இல் ஆட்டக்காரர்களே ‘ஃப்யூயல் ராட்ஸ்’ என்று ஒரு தன்னார்வக் குழுவை ஆரம்பித்தார்கள். உதவி கேட்டால் யாரோ ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு பறந்து வந்து எரிபொருள் கொடுத்துவிட்டுப் போவார். காசு வாங்க மாட்டார். இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை மீட்டிருக்கிறார்கள்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தக் குழுவை வடிவமைக்கவில்லை. டேங்க் காலியாகும் என்ற விதியை மட்டும் வைத்தார்கள். அந்த விதியை ‘வசதிக்காக’ எடுத்திருந்தால் இப்படி ஒரு குழுவே பிறந்திருக்காது.

நிம்மதியாகப் பறக்க நினைப்பவர்கள்

இப்போ நீங்க ஒண்ணு கேட்கலாம். “நாள் முழுக்க ஆபீஸ்ல டென்ஷன். ராத்திரி நட்சத்திரம் பார்க்கத்தான் வர்றேன். அங்கயும் பயமுறுத்தணுமா?”

நியாயமான கேள்விங்க. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆபத்தை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும்படி வைப்பது. நியூட்ரான் நட்சத்திரம் அப்படித்தான். ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இன்னொரு மாதிரி. ஒரு விசையை அழுத்தினால் நிலைமை சேமிக்கப்படும், இன்னொன்றை அழுத்தினால் திரும்பி வரும். நிலவில் எரிபொருளில்லாமல் சிக்கிய வீரரை அப்படி மீட்டுக்கொள்ளலாம். அதை அழுத்தாமல், இரண்டாவது ராக்கெட் கட்டி மீட்பவர்களும் உண்டு. அவர்களிடம்தான் சொல்வதற்குக் கதை இருக்கும்.

இரண்டாவது வழி, ஆபத்தைக் குறைக்கும் வசதியை உழைத்துப் பெற வைப்பது. எலைட்டில் 2020 ஜூனில் ‘ஃப்ளீட் கேரியர்’ என்ற நடமாடும் நிலையம் வந்தது. விலை 500 கோடி கிரெடிட். ஒரு தாவலுக்கு 500 ஒளியாண்டு போகும். நடுவெளியிலேயே டேட்டாவை விற்றுவிடலாம். பலருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டையே கூடக் கொண்டுபோகிறவருக்கு வீடு திரும்பும் பதற்றம் இருக்காது, வீடு சேர்ந்த சந்தோஷமும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

கடைசியா, என் கதையை முடிச்சுடறேன். ஒரு மாசம் அந்த விளையாட்டுப் பக்கமே போகல. அப்புறம் மறுபடியும் கிளம்பினேன், அதே திசையில. அந்த வளையக் கோளுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை முதல்ல ஈர்ப்பு விசையைப் படிச்சேன். மூக்கை மேலே தூக்கி, ஒவ்வொரு மீட்டரா இறங்கினேன். தம்பி பக்கத்துலதான் இருந்தான். தரையைத் தொடற வரைக்கும் அவனும் ஒரு வார்த்தை பேசல.

போட்டோ எடுத்தேன். சுமாரான போட்டோதான். ஆனா அந்தக் கோளுக்குப் பக்கத்துல இப்ப என் பேரு இருக்கு.

உங்களுக்கும் இப்படித் தொலைஞ்சு போன, திரும்பி வந்த கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்துல வாசிக்கிறோம். அதுவரைக்கும், டேங்க் நிரம்பியிருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.